ஜோன் வீட்டு வைஃபை

என் தம்பி ஜோன் எறும்புக்குக்கூட வழிவிட்டு நடப்பவன். அவன் பொய்ப்பெயரில் ஒரு பெண்பிள்ளைக்கு அசிங்க அசிங்கமாக எழுதி அனுப்பினானாம். எல்லாம் போனது பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் அவன் வீட்டு வைஃபையிலிருந்து என்று கண்டுபிடித்து, போலீஸ் அவனை லாக்கப்பில் போட்டது. கைப்பேசி, வைஃபை பெட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஜாமீனில் வந்தவன் அறைக்குள் போய்ப் படுத்தவன்தான். சோறுகூட இறங்கவில்லை.

போலீஸ் மேல் எனக்கு ஆத்திரமில்லை. அவன் பெண்டாட்டி அமண்டா நம்பினாளே, அதில்தான் என் வயிறு எரிந்தது.

"நம்ம வீட்டு லைன் அக்கா. இந்த வீட்டுல நாங்க ரெண்டே பேரு. நான் எழுதல. அப்ப வேற யாரு?" என்றாள். அவன் தலையணையைத் தூக்கி வெளியே போட்டதையும் என் கண்ணால் பார்த்தேன்.

நேற்றுச் சாயங்காலம் நான் ஜோன் வீட்டில் இருந்தபோது, பக்கத்து வீட்டு எல்வின் தன் மனைவி ஷர்மைனோடு ஜெபம் சொல்ல வந்தான். தினமும் எல்லை தாண்டிப் போய் சிங்கப்பூரில் வேலை, எங்கள் ஜெபக்குழுவுக்கு அவன்தான் தலைவன். "தடுமாறின எங்க சகோதரனுக்காக மன்றாடுறோம் ஆண்டவரே" என்று கண்ணை மூடி உருகினான். தடுமாறினவனாம்! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜெபம் முடிந்து காப்பி குடிக்கும்போது ஷர்மைன் கேட்டாள். "அக்கா, அந்தப் பெட்டிய போலீஸ் எப்ப குடுப்பாங்க? அது போனதிலேருந்து எங்க டிவியும் செத்துக் கிடக்கு லா."

"எங்க பெட்டிக்கும் உங்க டிவிக்கும் என்ன?" என்றாள் அமண்டா.

"நீங்கதானே பாஸ்வேர்ட் குடுத்தீங்க? இவர் அப்படித்தான் சொன்னாரு."

எல்வின் கப்பைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தான். யாரும் கொடுக்கவில்லை. அமண்டா அதட்டிக் கேட்டதும்தான் உண்மை வந்தது. போன வருஷம் இதே வீட்டில் ஜெபம் நடந்தபோது, பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைக் கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறான்.

"திருட்டு நாயே!" என்றேன். என் கையில் ஜெபமாலை இருந்தது. இருக்கட்டும்.

"காத்துல வர்றதுதானே அக்கா? நான் என்ன வயரையா அறுத்தேன்?"

"அந்தப் பிள்ளைக்கு எழுதினது யாரு?"

எல்வின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஷர்மைன், அவன் பக்கத்திலிருந்து எழுந்து அமண்டா பக்கம் போய் நின்றாள்.

"போலீஸ் கேஸ்னா என் சிங்கப்பூர் வேலை பெர்மிட் போயிடும் அக்கா" என்று அழ ஆரம்பித்தான். "ஜோனுக்கு வேலை இங்கதானே. அவரு எப்படியாச்சும் சமாளிச்சுக்குவாரு."

அடப்பாவி! வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "நட, ஸ்டேஷனுக்கு."

அதற்குள் அமண்டா அறைக்குள் ஓடி, ஜோனின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "நீங்க இல்லைங்க! எல்வின்தான்! நீங்க இல்லவே இல்ல!"

கதவு திறந்தே கிடந்தது. ஜோன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது எனக்கு முதல்லேருந்தே தெரியும் அமண்டா" என்றான். "உனக்குத்தான் தெரியல."