முடிவில் நாலாவது மாடி

லிஃப்ட் பரிசோதகரின் கணவர் ஒரு காப்பிக்கடையில் "எலுமிச்சைப் பூ வாசம் வருது" என்று சொன்ன நிமிடத்திலிருந்து அவருடைய சட்டைப்பையில் தேனீக்கள் குடியிருந்தன. உண்மையில் அவருக்குக் காப்பி வாசம்தான் வந்தது. காப்பியை ருசி பார்த்து என்னென்ன வாசம் வருகிறது என்று சொல்லவேண்டிய அந்த மாதிரிக் கடைகளில் அதைச் சொல்வது, பரீட்சைத் தாளில் பெயரை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போவதற்குச் சமம். கரண்டியில் எடுத்து, தெருநாய் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். கண்ணை மூட வேண்டும். பிறகு ஏதாவது சொல்லியாக வேண்டும். அவர் சொன்னதெல்லாம் நடந்தது. பழைய தோல் என்று சொன்ன ஊரில் உள்ளங்கை இரண்டும் செருப்பாகக் காய்ந்தன. தேவதாரு என்று சொன்ன ஊரில் மரங்கொத்தி ஒன்று இரவெல்லாம் அவர் முதுகைக் கொத்தியது.

ஊர் ஊராகப் போய் லிஃப்டுகளைச் சோதிப்பது அவளுடைய வேலை. ஓய்வு பெற்ற கணவர் உடன் வந்தது துணைக்கு என்று பெயர். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் "ஒரே ஒரு கடைதாம்மா" என்பார். மரங்கொத்தியைத் துண்டால் விரட்டிவிட்டு அவள்தான் வண்டி ஓட்ட வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்றுபோயிற்று. அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் நாலாவது மாடியிலேயே கிடந்தார்கள். அவள் பார்த்துச் சரியென்று சொல்லாமல் அதை ஓட்டக் கூடாது. அன்று பார்த்து, மலையடிவாரத்தில் காப்பிக்கொட்டை வறுக்கும் கடையொன்றில் அவர் "ஈரக் கல்" என்றார். எழுந்து காரில் உட்கார்ந்தார். டயர் நான்கும் தரையோடு அமுங்கின. வண்டி ஒரு முழம்கூட ஏறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன் வந்தது.

அவரை இறக்கியும் டயர்கள் எழும்பவில்லை. அவரைக் கடைக்குள் தள்ளி, கையில் ஒரு கோப்பையைத் திணித்தாள்.

"இறகுன்னு சொல்லித் தொலைங்க. வண்டி ஏறணும்."

அவர் உறிஞ்சினார். யோசித்தார். "இறகு வரலையேம்மா. வராததை வருதுன்னு எப்படிச் சொல்றது? நாக்குக்குன்னு ஒரு மரியாதை இல்ல?"

"இத்தனை நாளா எங்க போச்சு அந்த மரியாதை? தேனீ கூடவா குடும்பம் நடத்திக்கிட்டிருக்கேன் நான்?"

கோப்பையைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தாள். தாடிக்கு எண்ணெய் பூசியிருந்த கடைக்காரர், பழக்க தோஷத்தில், "மேடம், என்னென்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டார்.

"முதல்ல கிரீஸ். நடுவுல இரும்புக் கயிறு. முடிவுல ஆஸ்பத்திரி நாலாவது மாடி. போதுமா?"

கடைக்காரரும் தனக்கு ஊற்றி ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார். "ஆமாங்க... முடிவு நல்லா நீளமா இருக்கு" என்று அதைப் பலகையில் எழுதிவைத்தார். அப்போது கொட்டை மூட்டைகள் வைத்திருந்த அறையின் கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார். அவர் பின்னால் கட்டில்கள் வரிசையாகத் தெரிந்தன.

"லிஃப்ட் மேடம் நீங்கதானே? எவ்வளவு நேரம்! காப்பியை வெளியவே வெச்சுட்டு வாங்க."

அவள் கிரீஸ் நாறும் விரல்களால் பையை எடுத்துக்கொண்டு போனாள். தேய்ந்த பிரேக்கை மாற்ற வைத்தாள். சாயங்காலம் லிஃப்ட் ஓடியது. ஆனாலும் வீட்டுக்குப் போகச் சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேர் காப்பிக்கடை வழியாகவே வெளியேறினார்கள். பேருந்து நிறுத்தம் அந்தப் பக்கம்தான் கிட்டே என்றார்கள்.

விஷயம் தெரிந்ததும் அவளுடைய அலுவலகம் காரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இனி ஊர் ஊராகப் போக இது போதும் என்று காப்பி போட ஒரு கெட்டிலைக் கொடுத்தது. கணவர் அந்தக் கடையிலேயே கனத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். வேலை முடிந்து ஏதோ ஓர் ஊரின் மாடியிலிருந்து அவள் மூட்டை அறையின் கதவைத் திறந்து வரும்போதெல்லாம், தனக்கு அந்த மாடி தெரியவே இல்லை, லேசாகப் பேரீச்சைதான் தெரிந்தது என்கிறார். அவள் அவரைச் சுற்றிக் கிடக்கும் பேரீச்சங்கொட்டைகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு உட்காருகிறாள்.