மதிய மணிக்குப் பின் பதினைந்து நிமிடம்

…இல்லை, அந்தக் கடிதத்தை நான் கோபத்தில் எழுதவில்லை, அதுதான் இன்னும் மோசம், நிதானமாக, வரி வரியாக யோசித்து, முப்பத்து நான்கு வருடம் ஆபீசில் எழுதிப் பழகிய கையெழுத்தில் இரண்டு பக்கம், ‘குழந்தைகளின் நலன் கருதி’ என்றுகூட ஓரிடத்தில் போட்டிருந்தேன்… இப்போது அது உள்ளே தலைமையாசிரியரின் மேஜைமேல் கிடக்கிறது, வெளியே இந்த பெஞ்சின் ஒரு முனையில் நான், மறு முனையில் ஆறாம் வகுப்பு டீச்சர், நான் யாரைப் பற்றி எழுதினேனோ அவளே. மடியில் நோட்டுகளை அடுக்கி வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறாள். கூப்பிடுகிற வரைக்கும்கூட அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. இவளையா நான் சோம்பேறி என்று நினைத்தேன்? காலையில் வந்ததும் வராததுமாகக் கடிதத்தைத் திருப்பி வாங்கிவிட வேண்டும் என்றுதானே கிளம்பினேன், பிறகு ஏன் கேட் வரை வந்து, செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து, மணி அடிக்கும் வரை நின்றேன்?

என் மனைவி அன்றே சொன்னாள், “நம்ம பொண்ணுக்கு ஒரு நாள் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்திருக்கீங்களா? இப்ப கடல் தாண்டிப் போயி ஊரான் பிள்ளைக்குப் பாடம் எடுக்கணுமாக்கும்!” சிரித்தேன். பணி ஓய்வு விழாவில் மைக்கைப் பிடித்து, மிச்ச வாழ்க்கை சேவைக்கு என்று அறிவித்தவன் வேறென்ன செய்வேன்… இந்த நாட்டுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வந்து நான்கு மாதம் ஆகிறது. பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண்களை நடத்த, ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் தரைக்குக் கீழே இரண்டு தளம் இறங்குவதாகச் சொன்னேன், எவ்வளவு அழகான உதாரணம் என்று எனக்கே ஒரு பூரிப்பு, முப்பது தலைகளும் ஒன்றாக ஆடின. கற்பூரம் மாதிரி பிடித்துக்கொள்கிறார்கள் என்று அன்றே வீட்டுக்கு போன். “அதுகளுக்கு நெசமாவே புரியுதான்னு யாரையாவது கேட்டீங்களா?” என்றாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். இந்த ஊரில் ஒரு மாடிப்படிகூடக் கிடையாது, லிஃப்டுக்கு எங்கே போவார்கள், இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

என் கண்ணில் பட்டதெல்லாம் அந்தக் கதவுதான். மதிய மணி அடித்து நான் வெளியே வந்தால் இவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். பதினைந்து நிமிடம், தினமும். மற்ற வகுப்புப் பிள்ளைகள் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இதுகள் மட்டும் பசியோடு உள்ளே… பாடம் நடத்தச் சோம்பல்பட்டு அடைத்து வைத்துத் தண்டிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். திங்கட்கிழமை கடிதம் கொடுத்தாயிற்று. நேற்று, செவ்வாய், வகுப்புக்குப் பின்னால் இருக்கிற குழாயில் தண்ணீர் குடிக்கப் போனேன், ஜன்னல் திறந்திருந்தது. இந்த ஊர்ப் பேச்சு எனக்கு அரைகுறைதான், ஆனாலும் பிள்ளைகளுக்காக அவள் நிறுத்தி நிறுத்திப் பேசியது எல்லாமே விளங்கியது. “தரைதான் பூஜ்யம். கிணத்துக்குள்ள மூணு படி இறங்குனா?” “மைனஸ் மூணு!” “அங்கேருந்து அஞ்சு படி ஏறுனா?” “ரெண்டு!” என்னுடைய பாடம், நான் நடத்தி முடித்ததாக நம்பிக்கொண்டிருந்த பாடம். அப்போது முன் பெஞ்சு வாயாடிப் பெண் எழுந்திருக்க வேண்டும், என்னை மாதிரியே இரண்டு முறை செருமினாள், “லிஃப்ட்… லிஃப்ட்…” என்றாள், வகுப்பே குலுங்கியது. டீச்சர் மேஜையைத் தட்டினாள். “சிரிக்காதீங்க. நமக்காக இந்த வயசுல வீட்ட விட்டுட்டு வந்திருக்காரு. புரியலைன்னாலும் தலையாட்டுங்கன்னு சொல்லியிருக்கேன்ல? மனுஷன் நொந்து போயிடுவாரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.” கையில் ஏந்திய தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப் போயிருந்தது, குழாய் ஓடிக்கொண்டே இருந்தது… ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம், நான் அதை ஊருக்கே எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே கூப்பிடுகிறார்கள். தலைமையாசிரியர் கடிதத்தின் மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறார். “சாப்பாட்டு நேரத்துல பிள்ளைங்கள எதுக்கும்மா அடைச்சு வைக்கிறீங்க?” அவள் ஒரே ஒரு முறை என்னைப் பார்க்கிறாள், கோபமாகப் பார்த்தாலாவது தேவலை, “வகுப்பைக் கூட்டிச் சுத்தம் பண்ணச் சொன்னேங்க சார். இனிமே செய்ய மாட்டேன்,” என்கிறாள். இதுதான் இடம், இப்போது நான் வாயைத் திறக்க வேண்டும், பொய் சார், என் பாடத்தைத் திரும்ப நடத்தினாங்க என்று ஒரு வரி, ஒரே வரி… செருமினேன். அந்தச் செருமலை நானே கேட்டேன், அப்படியே அந்த வாயாடிப் பெண்ணின் செருமல். “சொல்லுங்க,” என்றார். “பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல சார், கடிதத்த நான் திருப்பி வாங்கிக்கறேன்.” “அது எப்படிங்க? பதிவு பண்ணியாச்சு.” அவள் பக்கம் திரும்பி, “உங்க வேலைய நிரந்தரமாக்குற உத்தரவ அடுத்த வருஷம் பாக்கலாம்மா,” என்றார். சரிங்க சார் என்றாள். நான் நன்றி சார் என்றேன். நன்றியாம்! எதற்கு?

வராண்டாவில் அவள் முன்னால் நடக்கிறாள், நோட்டுக் கட்டு இடுப்பில். நிற்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம், ஆனால் கேட்டால் ஜன்னல் பக்கம் நின்றது தெரிந்துவிடும், தெரிந்தால்தான் என்ன, அல்லது ஏற்கெனவே… அவளே நின்றாள். “சார், நாளைக்கு எந்தப் பக்கம் எடுக்கப் போறீங்க?” “நாப்பத்தி ரெண்டு.” கேட்டு வாய் மூடவில்லை, அவ்வளவு வேகமாகச் சொன்னேன். பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டாள். “காலையில பிரேயருக்கு முன்னாடி பிள்ளைங்கள வரச் சொன்னா அரை மணி நேரம் கெடைக்கும்,” என்று தனக்குள்போல் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டாள். நீங்களே எடுங்க, நான் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்ல ஒரு வராண்டா நீளத்துக்கு நேரம் இருந்தது எனக்கு. சொல்லவில்லையே… நாற்பத்திரண்டு என்றபோது என் குரலில் ஒரு நிம்மதி இருந்தது, என் காதுக்கே கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்குமோ?