கண்காட்சி வீட்டின் நீலச் சுவர்

டீத் தட்டோடு பாத்திமா மேரி கூடத்துக்குள் வந்தபோது, சென்னையிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் டேவிட்சன் அவள் தங்கையிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். "அனிட்டா மேடம் மட்டும் குவைத்துலேர்ந்து லெட்டர் போடலேன்னா, நீடாமங்கலத்துல இப்படி ஒரு வீடு இருக்கறதே எங்களுக்குத் தெரியாது." அனிட்டாவுக்கு வாயெல்லாம் பல். பாத்திமாவுக்குப் பொறுக்கவில்லை. அடேயப்பா, ஒரு கடுதாசிக்கு இவ்வளவு பவிசா! இருபத்தைந்து வருஷமாக இங்கே ஒழுக்கு அடைத்தவள் யாராம்?

1961 விவசாயக் கண்காட்சியில், 'நாளைய வீடு' என்று பலகை மாட்டி, ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்துப்போவதற்காகக் கட்டிய வீடு. தட்டைக் கூரை, வளைந்த மூலை, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி ஜன்னல். கண்காட்சி முடிந்ததும், ஓடில்லாத வீட்டில் எவன் குடியிருப்பான் என்று ஊரே சிரித்தது. கட்டிய மேஸ்திரி அருள்சாமியே ஏலத்தில் எடுத்துக் குடிவந்தார். பத்து வயசுப் பாத்திமாவும் மூன்று வயசு அனிட்டாவும் அவருடைய பெண்கள்.

இப்போது டேவிட்சனின் பழங்கட்டடச் சங்கத்தார் அந்த வீட்டைப் பழையபடி ஆக்கி, வாசலில் கல்வெட்டு வைக்கப்போகிறார்களாம். அதில் 'பாதுகாத்தவர்' என்று ஒரே ஒரு பெயர். அந்தப் பெயர் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று பாத்திமா மாதாவிடம் நவநாள் ஜெபமே சொல்லியிருந்தாள்.

"அசல் சுவர் நீல பெயிண்டுங்க. யாரோ சுண்ணாம்பா அப்பிட்டாங்களே," என்றார் டேவிட்சன்.

"அக்காதான். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் வெள்ளையடிக்கலேன்னா தூக்கம் வராது. பாவம், அதுக்கு என்ன தெரியும்," என்றாள் அனிட்டா.

பாவமாம்! டீத் தட்டை அவள் தலையிலேயே கவிழ்க்கலாமா என்றிருந்தது பாத்திமாவுக்கு.

டேவிட்சன் சின்னக் கரண்டியால் சுரண்டினார். சுண்ணாம்பு ஏடு ஏடாக உதிர்ந்தது. அடியில் நேற்று அடித்தது போல நீலம். "அடடா, வெயில் படாம இந்தச் சுண்ணாம்புதான் காப்பாத்தியிருக்குங்க!"

"நான்தாங்க அடிச்சேன். அப்பா இருந்தவரைக்கும் தொடவிடல. அவர் கண்ண மூடின வருஷத்துலேர்ந்து ஒரு கிறிஸ்மஸ் விட்டதில்ல," என்றாள் பாத்திமா. குரல் தெருவரை கேட்டிருக்கும்.

"அப்ப கல்வெட்டுல ஒங்க பேருதாங்க." அவர் சமையலறை நிலைப்பக்கம் நகர்ந்தார். "இங்க மட்டும் ஏன் இவ்ளோ கனம்? நாலு மடங்கு இருக்கும் போல."

பாத்திமா குறுக்கே வந்தாள். "அங்க வேண்டாங்க..." என்பதற்குள் பெரிய ஏடாகப் பெயர்ந்து விழுந்தது. நீலத்தில் உயரம் அளந்த பென்சில் கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. அப்பாவின் கையெழுத்து. அனிட்டா, நாலு வயசு. அனிட்டா, அஞ்சு வயசு. பதிமூன்று வரைக்கும் அனிட்டா, அனிட்டா.

அனிட்டா குனிந்து ஒவ்வொரு கோடாகத் தொட்டாள். அப்புறம் சிரித்த முகமாகவே திரும்பினாள்.

"ஒன்னோடது எங்கேக்கா?"

பாத்திமா குனிந்து, உதிர்ந்த சுண்ணாம்பைப் பொறுக்க ஆரம்பித்தாள். அனிட்டாவின் சிரிப்பு மெல்ல வற்றியது. டேவிட்சன் மட்டும், இன்னொரு பெயரும் இருக்கும் என்று நம்பி, பக்கத்தில் சுரண்டிக்கொண்டே போனார். வெறும் நீலம்தான் வந்துகொண்டிருந்தது.