வலை வரும்வரை

1929, தை மாதம். வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாணக் கச்சேரி. நீலமேகம் பிள்ளை மோகனத்தைப் பாடி நிறுத்தி, வயலினுக்கு இடம் விட்டார்.

செல்வநாதன் பதினொரு வருஷமாக அவருக்குப் பக்கவாத்தியம். அதற்கு முன் ராயபுரம் மாதா கோயிலில் நின்றுகொண்டு வாசித்தவர். பிள்ளையிடம் வந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கப் பழகினார். மனைவி இறந்தபின் அவருக்கு வீட்டில் பேச ஆளில்லை. கச்சேரி நாட்களில் மட்டும் நாலு வார்த்தை பேசுவார்.

அன்று கை தானாக வேறு பக்கம் போயிற்று. காசிமேட்டில் அவருடைய அப்பா கரைவலை இழுக்கும்போது பாடிய பாட்டு. நாலைந்து சுற்று வந்துவிட்டது. பந்தலில் யாரோ சிரித்தார்கள்.

கச்சேரி முடிந்ததும் பிள்ளை சொன்னார்: "திருவொற்றியூர் மாசித் திருவிழாவுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"கை தவறிடுச்சுங்க."

"கை தவறினா ஒரு தரம் தவறும். நீ கண்ணை மூடிக்கிட்டு இல்ல வாசிச்சே?"

செல்வநாதன் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார்.

மாசித் திருவிழா வந்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை. அன்று விடிந்ததும் வயலினை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு நடந்தார். அவர் தங்கையின் புருஷன் லூர்து, இருபது பேரோடு கரைவலைக் கயிற்றைப் பிடித்து நின்றிருந்தான்.

"வாசிக்கட்டுமா?"

"வாசி மச்சான். கேக்கணுமா?"

அப்பாவின் பாட்டை எடுத்தார். இரண்டாவது அடியில் விரல்கள் கமகம் சேர்த்தன. ஸ்வரம் வளைந்து நீண்டது. இழுப்பவர்களின் கால்கள் பின்னிக்கொண்டன; கயிறு தொய்ந்தது.

"இன்னா மச்சான் இது, காலை எங்க வைக்கறது? மீனெல்லாம் தூங்கிடப் போவுது!" என்றான் லூர்து.

"கச்சேரிய வூட்ல வச்சிக்க நைனா," என்றார் பின்னால் நின்ற ஜேக்கப். "இங்க வலை கீது."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வநாதன் ஸ்வரத்தை வளைக்காமல் வாசித்துப் பார்த்தார். விரல்கள் கேட்கவில்லை. பதினொரு வருஷம் அவற்றில் இருந்தது.

மூன்றாவது முறை பாட்டை விட்டுவிட்டார். ஒரே ஸ்வரம். வில் கீழே ஓர் இழுப்பு, மேலே ஓர் இழுப்பு. கயிறு இறுகியது. கால்கள் சேர்ந்து விழுந்தன. சற்று நேரத்தில் அந்த ஒற்றை ஸ்வரத்தின் மேல் அவர்களே பாடத் தொடங்கினார்கள். அப்பாவின் பாட்டுதான். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வலை கரைக்கு வந்ததும் பாட்டு நின்றது. எல்லோரும் மீனைச் சுற்றிக் குனிந்தார்கள்.

சிறிது பொறுத்து லூர்து நிமிர்ந்தான். "வலை வந்துட்ச்சி மச்சான். போதும்."

செல்வநாதன் இன்னும் அதே ஸ்வரத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.