கயிற்றின் மறுமுனை

விடிவதற்குள் மர அறுவை மில்லில் கயிறு விறைத்துவிட்டது. இரவு மழையில் ஊறிய மரத்தடி இம்மியும் நகர மறுத்தது. ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்க, பெரியக்கா தடிக்கு அடியில் உருளைக்கட்டை செருகினாள். கொஞ்சம் பிசகினால் விரல் கூழ்தான். போன மாதம் அவள் கொழுந்தனுக்கு இரண்டு விரல் அப்படித்தான் போனது.

"பந்திக்கு மட்டும் முந்துறீங்களேடா, இழுங்க!" என்றாள்.

தடி ரம்பத்தில் ஏறியதும் முதலாளியின் அறையைத் துடைக்கப் போனாள். அங்கே சுவரை அடைத்துக்கொண்டு நூற்றைம்பது வருஷத்துப் புகைப்படம் ஒன்று. அடர்ந்த காடு. வெட்டிச் சாய்த்த பெரிய மரம். அதன்மேல் காலை வைத்து, தொப்பியோடு முதலாளியின் கொள்ளுத்தாத்தா. மரத்துக்கு அந்தப் பக்கம் புகைபோல ஒரு கறை. "பூஞ்சை பிடிச்சிருக்கு, தேய்ச்சுத் துடை" என்பார் முதலாளி. வருஷக்கணக்காகத் தேய்க்கிறாள். கறை போனபாடில்லை, திட்டு மட்டும் தவறாமல் கிடைத்தது.

அன்று முதலாளி எல்லாரையும் அந்த அறைக்கே கூப்பிட்டார். மில்லுக்குப் பின்னால் அவர்கள் குடியிருக்கும் வீடுகளைக் காலி செய்ய வேண்டுமாம். கிடங்கு கட்டப்போகிறாராம்.

"பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இருக்கிற எடம் முதலாளி" என்றான் கொழுந்தன், கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

"உன் பூட்டனா? படத்தைப் பாரு. எங்க கொள்ளுத்தாத்தா வந்தப்ப இங்க ஈ காக்கா கிடையாது. ஆளைக் கொண்டுவந்து குடிவச்சதே நாங்கதான்." பெருமையில் அவர் குரல் இளகியது. "அந்தக் காலத்துல ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? அசைஞ்சா படத்துல விழாது. சிலை மாதிரி நின்னாரு மனுஷன்!"

பெரியக்காவுக்குச் சுருக்கென்றது.

"அப்ப அசைஞ்சவங்க?"

"என்னது?"

அவள் படத்தருகே போனாள். மரத்தில் கட்டிய கயிறு ஒன்று நீண்டு, அந்தக் கறைக்குள் போய் மறைந்திருந்தது.

"கயிறு விறைச்சு நிக்குது பாருங்க. தானா விறைக்குமா? மறுமுனையில ஆள் இழுத்தாத்தானே விறைக்கும்? இது பூஞ்சை இல்ல முதலாளி. சும்மா நின்னவரு விழுந்துட்டாரு. வேலை செஞ்சவங்க அசைஞ்சு புகையா கலைஞ்சு போயிட்டாங்க."

எல்லாரும் நெருங்கி வந்தார்கள். "மூலையில அடுப்புக்கல்லு" என்றான் ஒருவன்.

"பின்னாடி குடிசை. கூரை நைஞ்சு கிடக்கு" என்றான் கொழுந்தன். "நேத்து போட்ட கூரையா இது? ஈ காக்கா இல்லாத காட்டுல யாரு முதலாளி குடியிருந்தது?"

சொந்த சனத்தையா இத்தனை வருஷம் ஈரத்துணியால் தேய்த்தோம் என்று பெரியக்கா தோளில் கிடந்த துடைக்கும் துணியைக் கீழே போட்டாள்.

"படம் பார்க்கவா கூலி குடுக்குறேன்? போய் வேலையைப் பாருங்க!"

வெளியே வந்தார்கள். யாரும் கயிற்றைத் தொடவில்லை. ரம்பம் நின்றது. அது நின்ற பிறகுதான் அவ்வளவு நாளும் எத்தனை சத்தத்தில் வாழ்ந்தோம் என்று தெரிந்தது.

முதலாளி செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் எடுத்து வச்சுக்கிறேன். நாளைக்கு எவனுக்கும் இங்க வேலை கிடையாது, வீடும் கிடையாது!"

பயம் பயம்தானே. சிலர் முகத்தைத் திருப்பினார்கள். ஒருவன் துண்டால் மூடிக்கொண்டான்.

"யாரும் அசையாதீங்க" என்றாள் பெரியக்கா. "இந்தத் தடவ எல்லாரும் தெளிவா விழணும்."

துண்டு இறங்கியது. திரும்பிய முகங்கள் நேரே வந்தன. கொழுந்தன் முதுகுக்குப் பின்னாலிருந்த கையை எடுத்து, நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றான்.