முதலாளி தட்டிய பொத்தான்

கம்ப்யூட்டர் செத்துப்போச்சு, உடனே வா என்று தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சண்முகராஜ் போன் போட்டார். செத்திருக்காது, தூங்கும். 2001-ல் கோவில்பட்டிக்குள் எனக்கு வந்த புகாரில் பாதி இந்த ரகம்தான்.

போய்ப் பார்த்தால் திரை கறுப்பு, விளக்கு மட்டும் மினுங்கியது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் அதில் சீட்டு விளையாடக் கூடாதாம். முதலாளி கீபோர்டையும் மவுசையும் பிடுங்கி பீரோவில் பூட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் மிஷின் தூங்கிவிட்டது. பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகிய கீபோர்டை அது மதிக்குமா? என்ன தட்டினாலும் முழிக்கவில்லை. இதற்கு பவர் பொத்தானை லேசாக ஒரு தட்டுத் தட்டினால் போதும், எழுந்துவிடும். அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும்.

முதலாளி போன் பேச முன்னறைக்குப் போனதும், டைப் அடிக்கும் சுதாராணி பக்கத்தில் வந்தாள்.

"அண்ணாச்சி, எழுப்பிராதீங்க. வேற கம்பெனிக்கு வேலை கேட்டு லெட்டர் அடிச்சேன். மூடுறதுக்குள்ள மொதலாளி பின்னாடி குனிஞ்சு கீபோர்டு வயரைப் பிடுங்கிட்டாவ. பாத்தாவன்னா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாவ. எங்கப்பா படுத்த படுக்கையா கெடக்காவ."

கடிதத்தைச் சேவ் பண்ணவில்லை என்றாள். நல்லதாகப் போயிற்று, அணைத்தால் தடயமே இருக்காது.

முதலாளி வந்ததும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, இது முழிக்காது, அணைத்துத்தான் போடணும் என்றேன். சரி என்றார். பொத்தானை அழுத்தப் போனேன், என் கையைத் தட்டிவிட்டார். தீ பயத்தில் அந்த ஆபீசில் அவரைத் தவிர யாரும் எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாதாம். ஃபேன் போடக்கூட அவர்தான் வரணும்.

நல்லா அழுத்திப் பிடிங்க, விட்டுராதீங்க என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனிதர் காலிங் பெல் அமுக்குவதுபோல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு கையை எடுத்துக்கொண்டார். கருமம், எழுந்துவிட்டது.

நீயெல்லாம் என்ன மெக்கானிக் என்று என்னைக் கேட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டி, திரையில் கிடந்த கடிதத்தைப் படித்தார். லேபிள் ஆர்டர், லாரி புக்கிங், டெல்லி பார்ட்டியிடம் இந்தியில் பேசுவது, முதலாளி வீட்டு கேஸ் சிலிண்டருக்குப் பதிவது என்று தான் செய்யும் வேலையெல்லாம் எழுதியிருந்தாள். பாவி மனுஷி, ஒன்றையும் விடவில்லை.

"ஏட்டி, இம்புட்டு வேலையும் நீயா செய்யுத?"

அவள் தலையாட்டினாள். அவர் குரல் இறங்கியிருந்தது. மனசு இளகிவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

"அப்ப உன் பேரை மட்டும் அழிச்சிட்டு ஒரு காப்பி எடு. ஆள் தேவைன்னு நாளைக்குப் பேப்பர்ல குடுக்கணும்லா."

சுதாராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்தாள். இரண்டு பக்கம் வந்தது.