மேம்பாலத்தில் நிற்க வேண்டும்

நிற்கட்டும், இன்றைக்கு நிற்கட்டும், இத்தனை நாள் என் மானத்தை வாங்கினாயே, இன்றைக்கு ஒரே ஒரு தடவை எனக்காக நின்று தொலை என்று காரிடம் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே அவள் சர்வீஸ் சென்டரின் காத்திருக்கும் அறையில், உட்கார்ந்தால் ஆளையே உள்ளே இழுத்துக்கொள்ளும் அந்தச் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், நுனியில் உட்கார்ந்தால்தான் கண்ணாடிச் சுவர் வழியாக வாசல் கேட் தெரிகிறது, மெக்கானிக் அவளுடைய காரை எடுத்துக்கொண்டு அந்தக் கேட் வழியாகத்தான் போனார், மேம்பாலம் ஏறி இறங்கித் திரும்பி வர வேண்டும், ஒழுங்காகத் திரும்பி வந்துவிட்டால் அவள் தொலைந்தாள்... சுவரில் இருந்த டிவியில் கம்பெனி விளம்பரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது, அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள் ஒரு நாய், மலைப்பாதை, காற்றில் முடி பறக்கிறது, அம்மாதான் ஓட்டுகிறாள், சிரித்துக்கொண்டே ஓட்டுகிறாள், ஓட்டுவாள், ஏன் ஓட்டமாட்டாள், அந்த வண்டி பாதி மேட்டில் செத்துப்போகாது அல்லவா, பின்னால் லாரி ஹாரன் அடிக்காது அல்லவா. மூலையில் மீன்தொட்டி இருந்தது, அதில் ஒரு மீன் மட்டும் கண்ணாடியை முட்டிக்கொண்டே இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த சர்வீஸ் அட்வைசருக்கு அவள் பாத்துடலாம் என்று பெயர் வைத்திருந்தாள், என்ன சொன்னாலும் அதைத்தான் சொல்வான், வண்டி நடுரோட்டில் நிக்குதுங்க, பாத்துடலாம் மேடம், போன தடவையும் இதையேதான் சொன்னீங்க, இந்தத் தடவை கண்டிப்பா பாத்துடலாம் மேடம்... அவன்மேல் கோபம்கூட முழுசாக வரமாட்டேன் என்கிறது, ஏனென்றால் அவளும் அதே ஜாதிதான், பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து ஃபோன் எடுப்பவள், டாக்டர் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும்போது வந்துகிட்டே இருக்கார் சார் என்று நாளெல்லாம் தேனாகப் பொய் சொல்பவள், எந்தக் குரலுக்கு எவ்வளவு சர்க்கரை போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஹலோ என்ற ஒரு சொல்லை வைத்தே வலியா, பயமா, சும்மா பல் வெள்ளையாக வேண்டுமா என்று சொல்லிவிடுவாள், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை, டாக்டரே எக்ஸ்ரே எதுக்கு, நீங்க இருந்தா போதும் என்பார். அப்படிப்பட்டவளுக்கே இவன் சர்க்கரை போடுகிறான். மூன்று தடவை வண்டியைக் கொண்டுவந்து விட்டாயிற்று, மூன்று தடவையும் அடுத்த நாள் காலையில் ஃபோன், வண்டி அருமையா ஓடுது மேடம், குறை ஒண்ணுமே இல்ல, கொஞ்சம் ஆக்சிலேட்டர்ல காலை அழுத்தமா வச்சு ஓட்டுங்க... காலை. எல்லாரும் கடைசியில் அவளுடைய காலில்தான் வந்து நிற்கிறார்கள்.

எதிர்ச் சோபாவில் ஒரு பெரியவர் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கார் வாங்கிய மனுஷர் ஸ்கூட்டரில் வந்து போய்க்கொண்டிருந்தார், அவருடைய கார் உள்ளே ஷெட்டில் தூசி படிந்து கிடக்கிறது, அதே மாடல், அதே நோய். "உங்களுக்கும் பம்ப்பாம்மா?" என்று வந்ததும் கேட்டார், ஆஸ்பத்திரியில் கேட்பதுபோல் கேட்டார், அவள் ஆமாம் என்றதும் அவருக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. "ஃப்யூயல் பம்ப் பழுதாகலாம், இலவசமா மாத்தித் தரோம்னு கம்பெனியே ரீகால் அறிவிச்சானா இல்லியா? என் வண்டி நம்பர் அந்தப் பட்டியல்ல இருக்கு, ஆனா மாத்துறதுக்குப் பம்ப் வரலியாம். உங்களுக்கு எப்படி?" அவளுக்கு நேர் தலைகீழ், காசு கொடுத்து வாங்கினால் பம்ப் இருக்கிறதாம், நம்பர்தான் பட்டியலில் இல்லையாம், அதே பம்ப், அதே தொழிற்சாலை, ஆனால் அவளுடைய வண்டி பட்டியல் முடிந்த பிறகு பிறந்துவிட்டது, பிறந்த நேரம் சரியில்லை. அவர் சத்தமாகச் சிரித்தார், "அப்ப உங்க பம்பை எனக்குக் குடுங்க, என் நம்பரை நீங்க எடுத்துக்குங்க" என்றார், பாத்துடலாம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி கேட்டைப் பார்த்தாள்.

பெரியவருக்குப் பம்ப் வந்தால் போதும், அவளுக்கு அது மட்டும் போதாது, அதை இவர்களிடம் எப்படிச் சொல்வது... வீட்டில் இரண்டு பேர் அந்தக் காரை ஓட்டுகிறார்கள், காலையில் அவளுடைய கணவர், மதியம் அவள், நிற்பதெல்லாம் அவள் கையில்தான், அவர் கையில் ஒரு நாளும் நின்றதில்லை, இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும். அண்ணி உக்காந்தாலே வண்டி மரியாதையா நின்னுடுது என்று கொழுந்தன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான், கணவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம், சரி விடு, எல்லாருக்கும் எல்லாம் வராது என்று பெரிய மனசோடு சொன்னார். ஏன் எனக்கு மட்டும், ஏன் எனக்கு மட்டும் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசித்து யோசித்து ஒரு நாள் கையிலிருந்த டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த விளக்கு! பெட்ரோல் தீரப்போகிறது என்று எரியுமே அந்த மஞ்சள் விளக்கு, அவர் எரிந்தபிறகுதான் பெட்ரோல் போடுவார், இன்னும் ஓடும், இன்னும் ஓடும் என்று கல்யாணத்துக்கு முன் வைத்திருந்த பழைய பைக் காலத்துப் பழக்கம், காலையில் குளிர்ச்சியில் பக்கத்திலிருக்கும் ஆபீசுக்குப் போய், மதியச் சாப்பாட்டுக்கு வந்து விளக்கு எரிய எரிய அவளிடம் சாவியைக் கொடுப்பார், அவள் உச்சி வெயிலில் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவாள், டேங்குக்குள் இருக்கும் பம்பைப் பெட்ரோல்தான் சூடாகாமல் வைத்திருக்குமாம், பெட்ரோலும் இல்லாமல் வெயிலும் சேர்ந்தால் அது மயங்கி விழாமல் என்ன செய்யும். ஆனால் சர்வீசுக்கு விடும்போது மட்டும் மனுஷர் டேங்க் வழிய வழிய நிரப்பி, துடைத்து, வாசனை அட்டையெல்லாம் தொங்கவிட்டுத்தான் விடுவார், காலி வண்டியைக் கொண்டு போய் விட்டா நாலு பேர் என்ன நினைப்பாங்க? அவர்களும் மறுநாள் காலைக் குளிர்ச்சியில் ஓட்டிப் பார்த்துவிட்டு அருமையாக ஓடுகிறது என்பார்கள். இன்று காலை அவள் வாசலில் வழிமறித்து நின்று, பெட்ரோல் போட்டீங்கன்னா பாருங்க என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவர் விளக்கு எரிய வண்டியை இங்கே விட்டுவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வெயிலில் நிறுத்தி வையுங்கள், அப்புறம் இதே பெட்ரோலில் மேம்பாலம் ஏற்றிப் பாருங்கள், பாதி மேட்டில் அந்த விளம்பரப் பலகை தாண்டியதும் நிற்கும் என்று இடத்தோடு சொல்லிக் கொடுத்திருந்தாள், அங்கேதான், அந்த இடத்தில்தான் அன்றைக்கு... மகள் பின்சீட்டில் இருந்தாள், முன்னால் வந்து உட்கார் என்றால் வரமாட்டாள், காதில் எதையாவது மாட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து கிடந்தால்தான் அவளுக்கு மகாராணி மாதிரி இருக்கும், முதலில் ஒரு இருமல் போல் ஒரு உலுக்கல், அப்புறம் சத்தமே இல்லை, ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, எவ்வளவு மிதித்தாலும் ஒன்றுமில்லை, வண்டி பின்னால் சரியப் பார்த்தது, பிரேக்கின்மேல் ஏறி நின்றாள் என்றே சொல்ல வேண்டும், பின்னால் லாரி, அந்த ஹாரன், கண்ணாடி முழுக்க லாரியின் முகம், உரசுகிற தூரத்தில் வந்து நின்றது, யாரோ கத்தினார்கள், இறங்கி ஓரமாக நில்லும்மா என்றார்கள், அவள் பின்னால் திரும்பி, நான் ஒண்ணும் பண்ணல குட்டி, தானா நின்னுடுச்சு, நான் ஒண்ணுமே பண்ணல என்று சொன்னாள், லாரிக்காரரிடம் சொன்னாள், போலீஸ்காரரிடம் சொன்னாள், ஃபோனில் கணவரிடம் சொன்னாள். குட்டி எதுவும் பேசவில்லை. ராத்திரி கணவர்தான் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார், இங்க வா, புள்ளைக்கு நெத்தி வீங்கியிருக்கு பாரு, முன்சீட்டுல இடிச்சிருக்கா... பாரு என்றால் என்ன அர்த்தம், பார், நீ செய்த காரியத்தைப் பார் என்றுதானே அர்த்தம், அவள் மறுபடியும் பம்ப்பைப் பற்றி ஆரம்பித்தாள், அவர் ஐஸ் எடுக்கப் போய்விட்டார். அதன்பிறகு மகள் அவளோடு காரில் ஏறியதே இல்லை, சண்டை போடவில்லை, அப்பாகூடப் போறேன் என்பாள், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியாமல்தான் அவள் இத்தனை மாதமாகக் கம்பெனிக்கு ஃபோன் மேல் ஃபோன் போட்டு, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று விரல் தேய அழுத்திக்கொண்டிருந்தாள். என் காலில் தப்பில்லை என்று மகளிடம் நிரூபித்துவிட்டால் போதும், மறுபடி ஏறுவாள்.

நேரமாகிறதே. மெக்கானிக் நிற்காமல் இறங்கிவிட்டாரோ, இந்நேரம் அந்தப் பக்கம் திரும்பி ஏறிக்கொண்டிருப்பாரோ, விளக்கு எரிந்தால் எனக்கென்ன என்று வண்டி ஜம்மென்று ஓடினால்... அப்படியானால் காலா? நிஜமாகவே காலா? குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள், செருப்புக்குள் பாவமாக இருந்தது, இதைப் போய் எத்தனை பேர் திட்டிவிட்டார்கள், பயத்தில் காலை நானே எடுத்திருப்பேனோ, எடுத்தது எனக்கே தெரியாமல் இருந்திருக்குமோ... சே, நிற்கும், நிற்க வேண்டும், நில்லேன் சனியனே. கவுன்ட்டர் ஃபோன் அடித்தது. பாத்துடலாம் எடுத்தான், ம் என்றான், எங்க என்றான், எழுந்து நின்றுவிட்டான், அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தபடியே எழுந்தாள்.

"மேடம்... வண்டி நின்னுடுச்சு. மேம்பாலத்துலயே. இழுத்துட்டு வர ஆள் அனுப்புறோம்."

"நின்னுடுச்சா!" என்ன சத்தம் அது, அவளுடைய குரலா, பரீட்சையில் பாஸானவள் குரல், அறையில் எல்லாரும் திரும்பினார்கள், ஹெல்மெட்காரர் எழுந்து "சபாஷ்" என்று கைதட்டினார், அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, விளம்பரப் பலகை தாண்டித்தானே, சொன்னேன் இல்லையா, இதை எழுதிக் கொடுப்பீர்களா, இப்போதாவது பம்ப் கோளாறுதான் என்று ஒத்துக்கொள்கிறீர்களா, ரீகாலில் சேர்ப்பீர்களா என்று மளமளவென்று கேட்டாள். பம்ப்தான் மேடம், அதுல சந்தேகமில்ல, ஆனா நம்பர் பட்டியல்ல இல்லாததால மேலிடத்துக்கு எழுதித்தான் கேக்கணும், பாத்துடலாம் என்றான் அவன், சொல்லும்போதும் அவன் கண் கேட்டின் பக்கமே போய்க்கொண்டிருந்தது. சரி, எழுது, என்னவோ செய், பம்ப்தான் என்று சொல்லிவிட்டாய் அல்லவா. கணவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கொழுந்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது கவனித்துக்கொள்ளலாம், முதலில் வீட்டுக்கு ஃபோன் போட்டாள், மகள் பரீட்சை லீவில் இருந்தாள்.

"குட்டி, வண்டி நின்னுடுச்சு! அதே இடம், அதே மேம்பாலம். இந்தத் தடவை நான் ஓட்டல, மெக்கானிக் ஓட்டினாரு, அவரு கையிலயே நின்னுடுச்சு. பம்ப்தானாம், அவங்களே சொல்லிட்டாங்க. நான்தான் அன்னைக்கே சொன்னேனே, நான் ஒண்ணும் பண்ண..."

"அவருக்கு ஒண்ணும் ஆகலயேம்மா?"

"யாருக்கு?"

"மெக்கானிக்குக்கு. பின்னாடி வண்டி எதுவும் வந்து இடிக்கலயே?"

 அவள் அதைக் கேட்கவில்லை. அது தோன்றவே இல்லை, இடத்தோடு சொல்லிக் கொடுத்து ஒரு மனுஷரை அந்த மேட்டில் ஏற்றிவிட்டு, நில் நில் என்று வேண்டிக்கொண்டு, நின்றதும் குதித்து... அந்த லாரியின் முகம் அவருடைய கண்ணாடியிலும் தெரிந்திருக்கும். "இரு, கேட்டுச் சொல்றேன்" என்று கவுன்ட்டருக்குப் போனாள், ஃபோனை மூடாமலே கேட்டாள், "தம்பி, ஓட்டினவரு நல்லாருக்காரா?" பாத்துடலாம் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான், "நல்லாருக்காரும்மா, கை கால் நடுக்கம்தான் நிக்கலன்னாரு" என்றான், அம்மா என்றான், மேடம் என்று சொல்லவில்லை. அவள் அதை அப்படியே ஃபோனில் சொன்னாள். ம் என்றாள் மகள், ஃபோனை வைக்கவில்லை.

பின்சீட்டில் அன்றைக்கும் இப்படித்தான் பேசாமல் இருந்தாள், காதிலிருந்ததைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு... திட்டத்தான் காத்திருக்கிறாள் என்றல்லவா நினைத்தேன், அதனால்தானே நான் ஒன்றும் பண்ணவில்லை, நான் ஒன்றும் பண்ணவில்லை என்று... வேறு எதற்கோ காத்திருந்தாளோ? விளம்பரத்தில் அந்த அம்மா இன்னும் மலை ஏறிக்கொண்டிருந்தாள். அவள் டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"குட்டி... அன்னைக்கு நெத்தியில ரொம்ப வலிச்சுதா?"

"இப்பக் கேக்கறியா?" என்றாள் மகள். ஹலோ என்றாலே வலியா, பயமா என்று சொல்லிவிடுகிறவளுக்கு, அந்தக் குரலில் இருந்தது சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை.